மழை என்று எழுதாத ஒன்பது பேர்

லாரி எடைமேடையில் ஏறியதும் அறை ஒருமுறை குலுங்கி அடங்கியது. எடைமேடைப் பெண்மணி ஒரு கையால் காப்பி டம்ளரைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் பொத்தானை அழுத்தினாள். இயந்திரம் துப்பிய சீட்டைக் கிழித்து ஜன்னல் வழியே நீட்டினாள். டிரைவர் எடையைப் பார்த்துவிட்டுப் போனான். அவளைப் பார்க்கவில்லை.

"ஒரு நாளைக்கு நூறு லாரிங்க," என்றாள் வந்திருந்த இருவரிடமும். "நூறு கை இந்த ஜன்னலுக்குள்ள வரும். முகம் ஒண்ணுகூட ஞாபகம் இருக்காது. அவங்களுக்கும் அப்படித்தான்."

"கையை வச்சே ஆளைச் சொல்லிடுவீங்களா?" என்றான் வக்கீல்.

"மோதிரம் போட்டிருந்தா சொல்வேன்."

"எங்க ஆபீஸ்ல ஒரு வேலை காலியாகப் போகுது. என் வேலைதான்."

டீச்சர் லேசாகத் திரும்பிப் பார்த்தார். வக்கீல் சட்டென்று நோட்டுப் புத்தகத்தை எடுத்தான்.

அவன் வக்கீல் இல்லை. சட்டம் படிக்கப் போய் மூன்று தடவை கோட்டை விட்டவன். பட்டம் கிடைக்காவிட்டாலும் பட்டப்பெயர் கிடைத்தது. டீச்சரும் இப்போது டீச்சர் இல்லை. இருபத்தெட்டு வருஷம் பூகோளம் நடத்தி ஓய்வு பெற்றபின், ஒரு தையல்கடை மாடியில் துப்பறியும் நிலையம் வைத்திருந்தார். மேப்பில் ஊரைத் தேடிப் பழகிய கண்ணுக்கு ஊரில் ஆளைத் தேடுவது பெரிய வித்தை இல்லை என்பது அவர் கட்சி. நாற்பத்தொரு வயது வக்கீல்தான் அவருக்கு உதவியாளர், எழுத்தர், எதிர்க்கட்சி, எல்லாம்.

"காணாமப் போனது யாரு?" என்றார் டீச்சர்.

"ஒன்பது பேர்."

வக்கீல் நோட்டுப் புத்தகத்தில் புதுப் பக்கம் திருப்பினான். "பேரு?"

"பால்கனிப் பூனை, சந்தேகப் பிராணி, மூக்குக்கண்ணாடி, ரிட்டயர்டு ஸ்டேஷன் மாஸ்டர், ஒத்தைச் செருப்பு..."

"கொஞ்சம் இருங்க. இது ஆளுங்களா, தொலைஞ்ச சாமான் லிஸ்டா?"

அவள் சிரிக்கவில்லை. கைப்பேசியைத் திறந்து காட்டினாள். கதை எழுதுகிறவர்களும் படிக்கிறவர்களும் கூடும் ஓர் இணையத் தளம். அதில் நான்கு மாதங்களாக ஒரு தொடர்கதை எழுதிவந்தாள். கதையின் பெயர் 'கடைசிப் படகு'. லாரிக்கும் லாரிக்கும் நடுவில் கிடைக்கும் ஐந்து நிமிஷம், பத்து நிமிஷத்தில் தட்டித் தட்டி எழுதியது. செவ்வாய் ஒன்று, வெள்ளி ஒன்று. முப்பத்தோரு அத்தியாயம் வந்துவிட்டது. ஒவ்வோர் அத்தியாயத்துக்கும் கீழே அந்த ஒன்பது பேரும் வந்து கருத்து எழுதுவார்கள். பாராட்டுவார்கள், குறை சொல்வார்கள், கொலைகாரன் யார் என்று தங்களுக்குள் மல்லுக்கு நிற்பார்கள்.

"என் அம்மா போனதுக்கப்புறம் வீட்டுல பேச்சே கிடையாது. இவங்கதான் பேச்சு," என்றாள். "இருபத்திரண்டு நாள் ஆச்சு. ஒன்பது பேரும் ஒரே நாள்ல நின்னுட்டாங்க. எல்லாருக்கும் செய்தி அனுப்பினேன். பதில் இல்லை. தளத்துக்காரங்க விவரம் தர மாட்டேங்கறாங்க. போலீஸ்ல சொன்னேன்."

"என்ன சொன்னாங்க?"

"கதை நல்லா இல்லைன்னா படிக்கிறவங்க போயிடுவாங்கம்மா, அதுக்கு எஃப்.ஐ.ஆர் போட முடியாதுன்னாங்க."

அடுத்த லாரி ஏறியது. மறுபடி குலுங்கியது. சீட்டைக் கொடுத்துவிட்டு அவள் தணிந்த குரலில் சொன்னாள்: "நான் ஏதாவது தப்பா எழுதிட்டேனா, அவங்களுக்கு ஏதாவது ஆயிடுச்சா, ரெண்டுல எதுன்னு தெரிஞ்சா போதும். முப்பத்திரண்டாவது அத்தியாயம் ஒரு வரி நகரலை."

"இதுக்கு முன்னாடி எப்பவாவது இப்படி நின்னிருக்காங்களா?" என்றார் டீச்சர்.

"ஒரே ஒரு தடவை. ஸ்டேஷன் மாஸ்டரோட மனைவி இறந்தப்ப. ரெண்டு வாரம் வர முடியாதுன்னு எழுதியிருந்தார். அந்த ரெண்டு வாரமும் மத்தவங்களும் எழுதலை. அப்ப ஆறு பேர்தான் இருந்தாங்க. அவருக்கு மரியாதை கொடுத்து எல்லாரும் மௌனமா இருந்தாங்க. யாரும் யாரையும் பார்த்ததுகூட இல்லை. அப்படி ஒரு ஒட்டுதல்."

டீச்சரின் இடது புருவம் ஒரு நூல் உயர்ந்தது. வகுப்பில் பின்வரிசையில் கிசுகிசுப்பு கேட்டால் உயர்கிற புருவம் அது என்று வக்கீலுக்குத் தெரியும்.

திரும்பும் வழியில் பஸ்ஸில் வக்கீல் முதல் அத்தியாயத்தைத் திறந்தான். படகுத்துறையில் சீட்டு கொடுக்கும் ஒரு பெண். கொட்டும் மழை. கடைசிப் படகில் ஏறிய ஒரு பயணி அக்கரையில் இறங்கவில்லை. நடு ஆற்றில் ஆள் எங்கே போனான்? வக்கீல் நிமிர்ந்து பார்த்தபோது அவன் இறங்கவேண்டிய இடம் தாண்டி நான்கு நிறுத்தம் போய்விட்டிருந்தது. இறங்கி நடந்துகொண்டே படித்தான். அறைக்கு வந்து உட்கார்ந்து படித்தான். அவன் அறையில் ஒரு நாற்காலிதான் உண்டு. இரண்டாவது வாங்கினால் அதில் யார் உட்காருவது என்ற கேள்வி வரும் என்பதால் வாங்கவில்லை.

மறுநாள் காலை அவன் வந்தபோது டீச்சர் ஒன்பது பேரின் கருத்துகளையும் தாளில் அச்செடுத்து மேசை முழுக்கப் பரப்பி வைத்திருந்தார். கையில் சிவப்புப் பேனா.

"கொலை பண்ணினது அந்த டாக்டர்தான்," என்றான் வக்கீல்.

"அதுக்கா நம்மளை வச்சிருக்காங்க?"

"தெரியலைன்னா எனக்குச் சாப்பாடு இறங்காது."

"உக்காருங்க. இந்த ஒன்பது பேரைப் பத்தி என்ன நினைக்கறீங்க?"

வக்கீல் தயாராக வந்திருந்தான். "எல்லாரும் ஒரே ஆபீஸ். காலையில பத்துலேர்ந்து பத்தரை, சாயங்காலம் மூணுலேர்ந்து மூணரை. அந்த நேரத்துலதான் எழுதறாங்க. டீ குடிக்கிற நேரம். வாரத்துல ஒரு நாள் ஒருத்தர்கூட எழுதலை, வியாழன். அதான் அவங்க லீவு. ஆபீஸ் நேரத்துல கதை படிக்கறாங்கன்னு மேலதிகாரி கண்டுபிடிச்சு கூண்டோட வீட்டுக்கு அனுப்பிட்டான். கேஸ் முடிஞ்சுது."

"பாதி சரி," என்றார் டீச்சர். பூகோளத்தில் அவர் யாருக்கும் பாதி மதிப்பெண்ணுக்கு மேல் போட்டதில்லை. "இந்தச் சண்டையைப் படிங்க. பத்தொன்பதாவது அத்தியாயம்."

வக்கீல் படித்தான். சந்தேகப் பிராணி: 'டாக்டர்தான் குற்றவாளி. பந்தயம்.' மூக்குக்கண்ணாடி: 'போன வாரம் டாக்டர் இடது கைக்காரர். இந்த வாரம் வலது கையால் ஊசி போடுகிறார். கதாசிரியர் கவனிக்கவும்.' பால்கனிப் பூனை: 'ஊசியை விடுங்க. அந்தப் பொண்ணு ஈரத்துல நின்னுக்கிட்டே டிக்கெட் குடுக்கறா. யாராவது ஒரு குடை குடுங்கப்பா.'

"நல்லாத்தானே சண்டை போடறாங்க?"

"பக்கத்துல நேரம் போட்டிருக்கு பாருங்க. பத்து மணி நாலு நிமிஷம். பத்து எட்டு. பத்து பதினொண்ணு. முப்பத்தோரு அத்தியாயத்துலயும் பார்த்துட்டேன். ஒருத்தர் எழுதற நிமிஷத்துல இன்னொருத்தர் எழுதினதே இல்லை. ஒருத்தர் பேசி முடிக்கற வரைக்கும் இன்னொருத்தர் காத்திருந்து போடற சண்டையை எங்க பார்த்திருக்கீங்க?"

வக்கீல் யோசித்தான். "எங்க அண்ணன் வீட்டுல பார்த்ததில்லை."

"சரி. இந்தக் கதையில எத்தனை தடவை மழை பெய்யுது?"

"மழை நின்ன இடத்தை வேணும்னா எண்ணிச் சொல்றேன். கொட்டிக்கிட்டே இருக்கு."

"இந்த ஒன்பது பேரும் எழுதினதுல 'மழை'ங்கற வார்த்தை எங்க இருக்குன்னு காட்டுங்க."

வக்கீல் தாள்களைப் புரட்டினான். ஸ்டேஷன் மாஸ்டர், 'வானம் பொத்துக்கொண்டு ஊற்றும் காட்சி பிரமாதம்' என்று எழுதியிருந்தார். ஒத்தைச் செருப்பு, 'விடாம கொட்டுதே, தண்ணி வீட்டுக்குள்ள வந்துடும்போல' என்று எழுதியிருந்தார். ஈரம், தூறல், சாரல், குடை எல்லாம் இருந்தன. மழை இல்லை.

"எழுத்தாளர்னு தேடுங்க."

கதாசிரியர் என்றுதான் இருந்தது, ஒன்பது பேரிடமும்.

"அழுகை?"

'கண்ல தண்ணி வந்துடுச்சு' என்று ஐந்து பேர் எழுதியிருந்தார்கள். ஒருவரும் அழவில்லை.

"அழகு?"

"பிரமாதம், அருமை, ஜோர்..." வக்கீல் மெல்லத் தாளைக் கீழே வைத்தான். "டீச்சர், இந்த ஒன்பது பேருக்கும் 'ழ' வராது."

"பேசறவங்களுக்கு வராம போகலாம். எழுதறவங்களுக்கு வராம போகுமா? வராதவங்க 'மளை'ன்னாவது எழுதுவாங்க. இவங்க அந்த வார்த்தைகிட்டயே போகாம சுத்திப் போறாங்க. தப்பா எழுதக் கூச்சப்படற ஆள். ஆனா அந்த எழுத்து கையில இல்லை."

"உடைஞ்ச கீபோர்டு," என்றான் வக்கீல்.

"ஒரே கீபோர்டு. அதனாலதான் ஒருத்தர் முடிச்சப்புறம் இன்னொருத்தர்." டீச்சர் இன்னொரு தாளை நகர்த்தினார். "அது நம்ம ஊர்லயே இருக்கு. இருபதாவது அத்தியாயத்துல படகுத்துறை கடிகாரம் வருது. அதுக்கு ஸ்டேஷன் மாஸ்டர் எழுதியிருக்கறதைப் பாருங்க. 'நம்ம ஊர் சந்தை வாசல் கடிகாரத்தைத்தானே சொல்றீங்க? அது ஒன்பது நிமிஷம் பின்னாடி ஓடுது.' இப்ப சொல்லுங்க. இந்த ஊர்ல பல பேர் மாத்தி மாத்தி உக்கார்ற ஒரே கம்ப்யூட்டர். அரை மணி நேரம்தான் விடுவாங்க. வியாழக்கிழமை பூட்டு."

இதற்கு வக்கீலுக்கு யோசனையே தேவைப்படவில்லை. "நூலகம். வியாழன்னு மறந்து போய் பூட்டைப் பார்த்துட்டுத் திரும்பி வந்த வாரமெல்லாம் உண்டு. பேப்பர் ஓசியில படிக்கலாம், மின்விசிறி ஓடும், யாரும் எதுக்கு வந்தேன்னு கேக்க மாட்டாங்க."

நூலகர் ஒரு புத்தகத்தின் முதுகில் பசை தடவிக்கொண்டிருந்தார். கம்ப்யூட்டர் என்ற வார்த்தையைக் கேட்டதும் தூரிகையை வைத்துவிட்டுப் பெருமூச்சு விட்டார்.

"எடுத்துட்டுப் போய் இருபத்து மூணு நாள் ஆச்சு. ரிப்பேர். மேலிடத்துக்கு மூணு கடிதம் போட்டுட்டேன்."

மூலையில் சின்ன மேசை. அதன்மேல் திரையும் கீபோர்டும் மட்டும் பிளாஸ்டிக் உறை போர்த்திக் கிடந்தன. டீச்சர் உறையை விலக்கினார். கீழ்வரிசையில் இடது பக்கம், ஒரு பல் விழுந்த இடம்போல ஓட்டை. உள்ளே ரப்பர் மொட்டு மட்டும் தெரிந்தது.

"இது ஆங்கிலத்துல கடைசி எழுத்துங்க," என்றார் நூலகர். "அதுக்கு என்ன பெரிசா வேலைன்னு விட்டுட்டோம். தமிழ்ல அடிச்சா அதுதான் 'ழ'. ஒரு வருஷமா இல்லை. ஒருத்தரும் புகார் சொல்லலை."

"இதுல யார் யார் உக்கார்ந்தாங்கன்னு பதிவு இருக்கா?"

நீளமான நோட்டு வந்தது. நேரம், பெயர், கையெழுத்து. வக்கீல் ஆர்வத்தோடு குனிந்தான். பள்ளிப் பிள்ளைகள், வேலைக்கு விண்ணப்பம் போடுகிறவர்கள், யார் யாரோ. ஆனால் காலை பத்து மணிக்கும் மாலை மூன்று மணிக்கும் மட்டும், நான்கு மாதமாக, எல்லாப் பக்கத்திலும் ஒரே கையெழுத்து. சாய்வில்லாத, பிசிறில்லாத எழுத்து.

வக்கீல் ஒரு பக்கம் திருப்பினான். இன்னொரு பக்கம் திருப்பினான். பஸ்ஸில் அவன் படித்துச் சிரித்த பால்கனிப் பூனை, திட்டியபடி ரசித்த சந்தேகப் பிராணி, ஒவ்வொருவராக அந்தக் கையெழுத்துக்குள் போய்க்கொண்டிருந்தார்கள்.

"ஒருத்தர்தானா?" என்றான்.

"ஒருத்தர்தான்," என்றார் டீச்சர். அவர் குரலில் வெற்றி எதுவும் இல்லை. "மரியாதைக்கு மௌனமா இருந்தாங்கன்னு அந்தம்மா சொன்னப்பவே சந்தேகம் தட்டுச்சு. இவ்வளவு மரியாதை தெரிஞ்ச அஞ்சு பேரை நான் சேர்ந்தாப்புல பார்த்ததில்லை."

"எதிர் கட்டடத்து லிஃப்ட்காரர்," என்றார் நூலகர். "அவர்கிட்ட பட்டன் போன்தான். இப்பவும் தினம் ரெண்டு தடவை வந்து எட்டிப் பார்ப்பார். வந்துடுச்சான்னு கேப்பார். இல்லைன்னதும் போயிடுவார். பாவமா இருக்கும்."

எதிர் கட்டடம் ஆறு மாடி. பழைய லிஃப்ட். இழுத்துச் சாத்துகிற கம்பிக் கதவு. உள்ளே ஒரு முக்காலியில் அறுபதைத் தாண்டிய மனிதர், இஸ்திரி போட்ட காக்கிச் சட்டையோடு. வக்கீலும் டீச்சரும் ஏறினார்கள். கூடவே ஏறிய நான்கு பேரும் கதவைப் பார்த்து நின்றார்கள். மூன்றில் ஒருவர், நான்கில் இருவர், ஐந்தில் ஒருவர் இறங்கினார்கள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

"உங்களுக்கு எந்த மாடி?" என்றார் லிஃப்ட்காரர்.

"கடைசிப் படகு," என்றார் டீச்சர்.

அவர் கை நெம்புகோலிலேயே நின்றது. லிஃப்ட் ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில் ஒரு குலுக்கலோடு நின்றது.

"அவங்களுக்கு ஒண்ணும் இல்லையே?" என்றார்.

"நல்லா இருக்காங்க. எழுத மாட்டேங்கறாங்க."

அவர் முக்காலியில் திரும்பி உட்கார்ந்தார். உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டார்.

"முதல் அத்தியாயம் வந்தப்ப நான் ஒருத்தன்தான் எழுதினேன். நல்லா இருக்குன்னு. அதுக்கு அவங்க பதில் போட்டிருந்தாங்க. 'நீங்க ஒருத்தர்தான் படிக்கிறீங்கபோல. ரெண்டு வாரம் பார்த்துட்டு நிறுத்திடலாம்னு இருக்கேன்'னு. எனக்கு அந்தப் பயணி என்ன ஆனான்னு தெரியணும். நிறுத்திட்டா நான் எங்க போவேன்? அதனால மறுநாள் இன்னொருத்தரைக் கூட்டிட்டு வந்தேன்."

"எங்கேர்ந்து?" என்றான் வக்கீல்.

"இதுலேர்ந்துதான் சார்." லிஃப்டின் தரையைக் காட்டினார். "நாலாவது மாடியில ஒரு அம்மா ஏறுவாங்க. பையில எப்பவும் பூனைக்குத் தீனி இருக்கும். பேச மாட்டாங்க. பேசினா எப்படிப் பேசுவாங்கன்னு யோசிச்சேன். ரெண்டாவது மாடி கணக்கர், எல்லாரையும் முறைப்பார். அவர்தான் சந்தேகப் பிராணி. ஒவ்வொருத்தரா வந்துட்டாங்க. அப்புறம் அவங்களுக்குள்ளயே சண்டை வந்துடுச்சு, நான் என்ன பண்றது?"

வக்கீலுக்குச் சிரிப்பு வந்தது. "'ழ' இல்லாம எப்படி ஒப்பேத்தினீங்க?"

"எழுத்து இல்லைன்னா வேற வார்த்தை இருக்கே சார். தமிழ்ல வார்த்தைக்கா பஞ்சம்? ஒண்ணே ஒண்ணுக்குத்தான் கஷ்டப்பட்டேன். அவங்க நீடூழி வாழணும்னு ஒரு தடவை எழுதப் பார்த்தேன். வாழ்த்தறதுக்கு வேற வார்த்தை கிடைக்கலை. விட்டுட்டேன்."

மேலே எங்கோ மணி அடித்தது. அவர் நெம்புகோலைத் தள்ளினார். லிஃப்ட் நகர்ந்தது.

"ஸ்டேஷன் மாஸ்டர் மனைவி இறந்தது?" என்றார் டீச்சர் மெதுவாக.

"அது கதை இல்லைம்மா." அவர் கதவைப் பார்த்தபடியே சொன்னார். "அது என் வீட்டுல." பிறகு, "அவங்ககிட்ட சொல்லிடாதீங்க. ஒன்பது பேரும் லீவுல போயிருக்காங்கன்னு சொல்லுங்க. கம்ப்யூட்டர் வந்ததும் திரும்பி வந்துடுவாங்க," என்றார்.

வெளியே வந்ததும் வக்கீல் அதைத்தான் சொன்னான். "சொல்லிடலாம் டீச்சர். சுற்றுலா போயிருக்காங்கன்னு. ஒன்பது டிக்கெட் நானே எடுத்துத் தர்றேன். ஒரு மனுஷிகிட்டேர்ந்து ஒன்பது பேரை ஒரே அடியா பறிக்கணுமா?"

"அவங்க நம்மளை நம்பித் தேடச் சொன்னாங்க," என்றார் டீச்சர். "பொய்யான துணை வேணும்னா நம்மகிட்ட வந்திருக்க மாட்டாங்க."

எடைமேடை அறையில் டீச்சர் சுற்றி வளைக்கவில்லை. உள்ளதை உள்ளபடி சொன்னார். பெண்மணி கேட்டுக்கொண்டே இரண்டு லாரிக்குச் சீட்டுக் கொடுத்தாள். இரண்டாவது டிரைவரிடம் தவறான சீட்டைக் கொடுத்து, திரும்ப வாங்கி, சரியானதைக் கொடுத்தாள்.

"பூனைகூடவா?" என்றாள்.

"ஆமா."

"பூனைதான் எனக்கு ரொம்பப் பிடிக்கும். என்னை மாதிரியே தனியா இருக்கிற பொம்பளைன்னு நினைச்சேன். ஒரு நாள் அவங்களைப் பார்க்கப் போகணும்னு புடவைகூட எடுத்து வச்சிருந்தேன்." ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "முப்பத்தோரு அத்தியாயம். கூட்டத்துல பேசறதா நினைச்சுப் பேசியிருக்கேன். திரும்பிப் பார்த்தா காலி அறை."

"காலி இல்லீங்க," என்றான் வக்கீல். "ஒரு நாற்காலி இருக்கு. அதுல ஆள் இருக்கு."

அவன் ஜோக் அடிக்கவில்லை என்பதை அவனே அப்போதுதான் கவனித்தான். அவர்கள் கிளம்பும்போது அவள் முதுகைக் காட்டியபடியே கேட்டாள்: "ஸ்டேஷன் மாஸ்டர் மனைவி?"

"அது மட்டும் நிஜம்," என்றார் டீச்சர்.

இரண்டு நாள் கழித்து, ஷிப்ட் முடிந்த பிற்பகலில் அவள் போன் செய்து, அந்தக் கட்டடம் எங்கே என்று கேட்டாள். தனியாகப் போகத் தயக்கம். டீச்சரும் வக்கீலும் வாசலில் காத்திருந்து அழைத்துப் போனார்கள். லிஃப்ட் கீழ்த்தளத்தில் நின்றிருந்தது. அவள் மட்டும் ஏறினாள். மற்ற இருவரும் வெளியே நின்றார்கள்.

"எந்த மாடிம்மா?" என்றார் அவர், நெம்புகோலைப் பார்த்தபடி.

அவள் எல்லாரையும்போலக் கதவைப் பார்த்து நிற்கவில்லை. அவரைப் பார்த்து நின்றாள்.

"உங்க வீட்டுக்காரம்மா என் கதையைப் படிச்சாங்களா?" என்றாள்.

அவர் திரும்பினார். வெளியே நின்ற டீச்சரையும் வக்கீலையும் பார்த்தார். பிறகு அவளை. எழுந்து நிற்க முயன்று, முக்காலியைத் தட்டிவிட்டு, ஒருவழியாக நின்றார்.

"அவளுக்குப் படிக்க வராதும்மா. நான் போய்ச் சொல்வேன். செவ்வாய், வெள்ளி, சாப்பிடும்போது. நீங்க எழுதின மாதிரியே சொல்லணும். மாத்தினா கண்டுபிடிச்சுடுவா. பன்னிரண்டாவது அத்தியாயம் வரைக்கும் கேட்டா. அதுக்கப்புறம் சொல்ல ஆள் இல்லை. அதனாலதான் இன்னும் மூணு பேரைச் சேர்த்துக்கிட்டேன். தப்புதான்."

"அவங்களுக்குப் பிடிச்சுதா?"

"படகோட்டியை நம்பாதேன்னு சொன்னா."

வக்கீல் டீச்சரின் காதருகே குனிந்து, "டாக்டர் இல்லையா?" என்றான். டீச்சர் அவன் கையில் ஒரு தட்டு தட்டினார்.

"ஏன் அப்படிச் சொன்னாங்க?" அவள் குரல் மிக மெதுவாக வந்தது.

"நாலாவது அத்தியாயத்துல ஒரு வரி வருதாம். எனக்கு ஞாபகமே இல்லை. ஆள் ஏறும்போது தலையை எண்ணாத படகோட்டி, அக்கரையில இறங்கும்போது மட்டும் எதுக்கு எண்ணினான்? ஒருத்தர் குறைச்சல்னு அவனுக்கு முன்னாடியே தெரியும், அதான் மத்தவங்க கேக்கற மாதிரி எண்ணியிருக்கான்னு சொன்னா. சரிதானாம்மா?"

அவள் தலையசைத்தாள். அந்த வரியை எங்கே ஒளிப்பது என்று ஒரு முழு நாள், நூறு லாரிக்கு நடுவில், அவள் யோசித்திருந்தாள். ஒருவரும் அதைத் தொடவில்லையே என்று ஒரு மூலையில் வருத்தமும் பட்டிருந்தாள்.

"ஒன்பது பேர்ல ஒருத்தர்கூட இதை எழுதலையே?"

"அந்த ஒன்பதும் நான்தானேம்மா. எனக்கு ஏது அவ்வளவு புத்தி?" என்றார் அவர். பிறகு, சட்டைக் கைமடிப்பைச் சரிசெய்துகொண்டே சொன்னார்: "அவ சொன்னதையாவது எழுதியிருக்கலாம். எழுதலை. அதைப் போட்டா குட்டு உடைஞ்சு கதை முடிஞ்சுடும். முடியாம இருந்தா நல்லா இருக்கும்னு தோணுச்சு."

மணி அடித்தது. நாலாவது மாடியின் விளக்கு எரிந்தது.

"கூப்பிடறாங்க," என்றார். "நீங்க இறங்கிக்கறீங்களா?"

"இல்லை. போங்க," என்றாள் அவள். விழுந்து கிடந்த முக்காலியை நிமிர்த்தி வைத்தாள். "போய்க்கிட்டே சொல்லுங்க. வேற என்னவெல்லாம் சொன்னாங்க?"

கம்பிக் கதவு இழுத்துச் சாத்தப்பட்டது. லிஃப்ட் மேலே கிளம்பியது. அவர் ஏதோ சொல்ல ஆரம்பிப்பது கேட்டது. வக்கீல் கதவருகே போய், தலையை அண்ணாந்து காதைக் கொடுத்தான். இரண்டாவது மாடி தாண்டும்வரை குரல் வந்தது. அதற்கு மேல் கம்பிவடம் ஓடும் சத்தம்தான்.